பழைய சிடியில் இருக்கும் தமிழை இப்போதே மீட்டு வையுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2003-ல் நாம் வெளியிட்ட மாணவர் மலர் பலருக்கு நினைவிருக்கும். என்னிடம் இருந்த பிரதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டன. முடிச்சூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். மேல் அலமாரியில் இருந்த சிடி மட்டும் தப்பியது. அந்த செட்டில் இன்று நம்மோடு இல்லாத ஒரு மாணவன் மலரில் ஒரு கட்டுரை எழுதியிருந்தான். போன மாதம் அவன் அம்மா போன் செய்து, "சார், அது ஒரு காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார். சிடிதான் இருக்கிறதே என்று தைரியமாகச் சரி என்றேன்.

மேற்கு தாம்பரத்தில் டிடிபி கடை வைத்திருப்பவனும் என் மாணவன்தான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கி விண்டோஸ் 11 உள்ள புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். அவனுடைய பழைய தமிழ் மென்பொருள் அதில் வேலை செய்யவில்லை. அந்த மென்பொருளுக்கு டாங்கிள் என்று ஒரு பூட்டு உண்டு. அதை கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் டிரைவர் 32-பிட் காலத்தது. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட், பழைய டிரைவரை ஏற்காது. மலரின் எழுத்தை எடுத்துப் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. ஒரு வரி தமிழ் இல்லை.

காரணத்தை அவன்தான் எனக்கு விளக்கினான். அந்நாளைய தமிழ் ஃபான்ட்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடு. அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். பாமினி ஒரு விதம், வானவில் இன்னொரு விதம். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடை அரசு ஏற்றது. ஆனால் கடைகள் மாறவில்லை. அவர்கள் நம்பியிருந்த பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. 2001-ல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. அதே அடோபியின் இன்டிசைன்கூட சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும்.

"புதுசு கத்துக்கிட்டா போச்சு" என்று சிலர் சொல்வார்கள். கற்கத்தான் வேண்டும். ஆனால் மாதச் சந்தா யார் கட்டுவது? இருபது வருடப் பத்திரிகை, நோட்டீஸ், பில்புக் கோப்புகளை யார் மாற்றித் தருவது? கல்யாண சீசனில் கடையை மூடிவிட்டுப் படிக்க முடியுமா? கம்பெனிகள் பாதுகாப்புக்காக அப்டேட் தருவதை நான் குறை சொல்லவில்லை. அதன் செலவு முழுவதும் சின்னக் கடைக்காரன் தலையில் விழுவதுதான் நியாயமில்லை.

கடைசியில் கடை மூலையில் தூசி படிந்து கிடந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்தான் கை கொடுத்தது. அதில் மலர் திறந்தது. எழுத்தை நகலெடுத்து, இலவசமாகக் கிடைக்கும் என்எச்எம் கன்வெர்ட்டர் வழியாக யூனிகோடுக்கு மாற்றினோம். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறியிருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் திருத்தினேன். அந்த அம்மாவிடம் கட்டுரையைக் கொடுத்தபோது அவர் படிக்கவில்லை. மகன் பெயரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த எக்ஸ்பி கம்ப்யூட்டர் போன வருடமே பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால்? இதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊர்க் கோயில் மலர்கள், சங்க மலர்கள், தாத்தா பாட்டி நினைவு மலர்கள் எல்லாம் இப்படித்தான் சிடிக்களில் கிடக்கின்றன.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, வீட்டில் இருக்கும் சிடி, பென்டிரைவை இந்த மாதமே திறந்து பாருங்கள். இரண்டு, இனி எந்த மலர் அச்சடித்தாலும் பிடிஎஃப்போடு யூனிகோடு எழுத்துக் கோப்பும் கேட்டு வாங்குங்கள். பழைய ஃபான்ட்டில் செய்த பிடிஎஃப் பார்க்கத்தான் தமிழ். நகலெடுத்தால் பழையபடி ஆங்கிலக் குப்பைதான் வரும். மூன்று, அந்த வேலைக்குக் கடைக்காரர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கடைக்காரப் பிள்ளைகளே, பழைய கம்ப்யூட்டரை இப்போதைக்குப் போட்டுவிடாதீர்கள். இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கோப்புகளை எல்லாம் மாற்றி முடிக்கும் வரை ஓரமாக வைத்திருங்கள்.

மெய்ப்பு பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் இருக்கிறேன். சிவப்பு மை பேனா இன்னும் கைவசம் இருக்கிறது. எல்லோரும் நலமாக இருங்கள்.