இடக்கையின் மீது பழி போடாதீர்கள்

கணிப்பொறியில் தாள விளையாட்டு ஆடியிருக்கிறீர்களா? பாட்டு ஒலிக்கும். திரையில் நான்கு தடங்களில் சிறு கட்டைகள் மேலிருந்து இறங்கி வரும். கட்டை கோட்டைத் தொடும் கணத்தில் அதற்குரிய விசையை அழுத்த வேண்டும். 1997இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட 'பீட்மேனியா' இவ்வகையில் பெயர் பெற்றது. 2007இல் வந்த 'ஓசு'வை வீட்டு விசைப்பலகையிலேயே ஆடலாம். அதன் நான்கு விசை ஆட்டத்தில் இடக்கைக்கு டி, எஃப். வலக்கைக்கு ஜே, கே.

புதிதாக ஆடுகிறவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: வலக்கை ஓடுகிறது, இடக்கை தடுமாறுகிறது. (இடக்கைப் பழக்கமுள்ள நண்பர்கள் இதைத் திருப்பிப் படித்துக் கொள்ளுங்கள்.) உடனே வேகமான பாட்டாகப் பொறுக்கியெடுத்து, திரும்பத் திரும்ப ஆடித் தீர்க்கிறார்கள். இது வீண் உழைப்பு என்பதே என் கருத்து.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உள்ளங்கைகள் கீழே இருக்குமாறு இரு கைகளையும் மேசைமீது வையுங்கள். சுட்டுவிரல்களை மட்டும் நீட்டி, பேருந்தின் கண்ணாடித் துடைப்பான்கள்போல இரண்டையும் ஒரே பக்கமாக ஆட்டுங்கள்: இடம், வலம், இடம், வலம். மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில், உங்களைக் கேளாமலே, விரல்கள் ஒன்றையொன்று நெருங்குவதும் விலகுவதுமாக மாறிவிடும்! முதலிலேயே அப்படி, கண்ணாடி பிம்பம்போல, ஆட்டத் தொடங்கினால் வேகம் கூடினாலும் மாறுவதில்லை. அமெரிக்காவில் ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் இதை அளந்து 1984இல் வெளியிட்டார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நம் கைகள் தனித்தனியாக இயங்கும் இரு கருவிகள் அல்ல. இடக்கையைப் பெரும்பாலும் மூளையின் வலப்பாதியும், வலக்கையை இடப்பாதியும் இயக்குகின்றன. ஆனால் அவ்விரு பாதிகளையும் கோடிக்கணக்கான நரம்பிழைகள் கொண்ட ஒரு பாலம் இணைக்கிறது. வேகம் ஏற ஏறக் கைகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. மாறிமாறி அடிக்கும்போது ஒரு விரல் இறங்க மற்றது ஏற வேண்டும் அல்லவா? வேகத்தில் அது குலைந்து இரண்டும் சேர்ந்து விழுவதில் இந்த இழுப்புக்கும் பங்கு உண்டு. பாவம், பழி மட்டும் இடக்கைக்கு!

ஆகவே பயிற்சியின் வேகத்தைத் தளர்ந்த கையே முடிவு செய்யட்டும். விளையாட்டை மூடிவிட்டு, நிமிடத்துக்கு 60 அடி என்ற கணக்கில் இடக்கையில் தொடங்கி மாறிமாறித் தட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இடைவெளியைக் கேளுங்கள். 'டக், டக்' என்று சீராக வராமல் 'டடக்' என்று ஒட்டிக்கொண்டால் வேகத்தைக் குறையுங்கள். சீரான பிறகு 65, 70 என்று ஏறலாம். மிருதங்கம் கற்பவர்களைப் பாருங்கள். முதற்காலத்தில் கை படியாமல் இரண்டாங்காலத்துக்குப் போக ஆசிரியர் விடமாட்டார்.

விளையாட்டு காட்டும் மதிப்பெண்ணை இதற்கு அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அது இரு கைகளின் கூட்டுத்தொகை. நல்ல வலக்கை ஒன்று, இடக்கையின் பிழைகளை மாதக்கணக்கில் மறைத்துவிடும்.

இன்னொன்று. இரு கைகளையும் பழக்கினால் நினைவாற்றல் இரட்டிக்கும், கணக்கில் நூற்றுக்கு நூறு வரும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். தாளப் பயிற்சியால் வருவது தாளம். கணக்கு கணக்குப் போட்டால்தான் வரும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.