கராஜ் வேலை வசைச்சொல் அல்ல!



"படிக்காவிட்டால் கராஜிலேதான் நிற்பாய்" என்னும் மிரட்டல் மில்லிக்கன் வாழ் எம்மவர் வீடுகளில் இன்னமும் ஓயவில்லை. பொறியியற் பட்டம் பெற்றுக் கணினித் துறையிற் பிழைப்பவன் என்ற உரிமையோடு கூறுகின்றேன்: இம்மிரட்டல் அறியாமையின் வெளிப்பாடு.

1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருகியபோது, மண்ணெண்ணெயில் கார்களை ஓடவைத்தவர்கள் எமது மெக்கானிக்குகளே. அவர்தம் திறமையைப் பெருமையோடு பேசும் நாம், எம் பிள்ளை அத்தொழிலை விரும்பினால் முகஞ்சுழிப்பது எவ்வகையில் நியாயம்?

இது மூளை வேண்டாத வேலை என்பது பொய். 2007, 2010 ஆம் ஆண்டுகளின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின்னர், வட அமெரிக்க டீசல் லொறிகளில் துகள் வடிகட்டியும் யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பும் இடம்பிடித்தன. உணரிகள் தரும் பிழைக்குறிகளை மடிக்கணினியில் வாசித்து, மின்சுற்று வரைபடத்தைப் பின்தொடர்ந்தே பழுதைக் கண்டறிய வேண்டும். மென்பொருளில் வழு தேடும் எனது தர்க்கமும் இதுவே. ஆனால் அங்கே தவறினால் நாற்பது தொன் லொறிக்குப் பிரேக் பிடிக்காது.

ஒன்ராறியோவில் 310ரி எனப்படும் லொறி, பேருந்துத் தொழில்நுட்பவியலாளர் தொழில் உரிமம் கட்டாயமானது. வேலைத்தலப் பயிற்சியும் 720 மணி வகுப்பும் சேர்ந்து 6,720 மணிநேரம். அதன் பின் தேர்வு. தேற 70 விழுக்காடு வேண்டும். ஸ்காபரோவின் சென்ரெனியல் கல்லூரி ஆஷ்ரன்பீ வளாகம் எமக்கு எட்டிய தூரத்திலேயே உள்ளது. மக்னிக்கல் அவெனியூவில் 2021இல் திறக்கப்பட்ட ரிரிசி பேருந்துப் பணிமனையோ எம் வாசலிலேயே நிற்கின்றது.

ஆயினும், தேன் தடவிப் பேசுவோரையும் நான் ஏற்கவில்லை. கருவிகளைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். அது ஆயிரக்கணக்கான டொலர். உறைபனியில் நெடுஞ்சாலை ஓரம் படுத்து வேலை செய்ய நேரும். இரவுப் பணி உண்டு. முதுகும் முழங்காலும் தேயும். டீசல் புகை புற்றுநோய் விளைவிக்கும் என 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. புகை வெளியேற்றி இல்லாத கராஜில் மலிவுச் சம்பளத்திற்கு நிற்பது தியாகமன்று, ஏமாளித்தனம்.

இவற்றினும் கொடியது, பயிலுநராகப் பதியாமல் கைக்காசு கொடுத்து இளைஞரை வேலை வாங்கும் வழக்கம். பதியாத ஒருவர் இத்தொழிலைச் செய்வதே சட்டவிரோதம். அவர் உழைத்த மணிகளும் கணக்கில் ஏறுவதில்லை. ஈராண்டு உழைத்தும் கையில் ஒரு தாள்கூட இராது. "எங்கட பெடியன்தானே" என்ற உறவுப் பேச்சு இச்சுரண்டலுக்குத் திரையாகக் கூடாது.

எனவே இளையோரே, முதல்நாளே கேளுங்கள்: பயிற்சி ஒப்பந்தம் பதியப்படுமா? மணிக்கணக்கில் யார் கையெழுத்திடுவார்? வகுப்புக் காலத்திற்கு விடுப்புத் தருவீர்களா? விடை மழுப்பலானால் வெளியேறுங்கள்.

பெற்றோரே, 11ஆம், 12ஆம் வகுப்புகளிலேயே பயிலுநராக வழிசெய்யும் ஒன்ராறியோ இளையோர் திட்டம் பற்றிப் பாடசாலை ஆலோசகரிடம் விசாரியுங்கள். ஊரார் என்ன சொல்வர் என்ற அச்சத்தால், விருப்பமில்லாப் பட்டத்திற்காகப் பிள்ளையைக் கடனில் தள்ளாதீர்கள். அந்தக் கடனை ஊரார் அடைக்கப் போவதில்லை.