நாஸ் திறக்கலைன்னு எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணாதீங்க

குடும்ப போட்டோ, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் போட்டு வெச்சிருக்க நாஸ் பெட்டிக்குள்ள விண்டோஸ் 11 போக விடலையா? யூடியூப்ல உடனே வைத்தியம் சொல்வாங்க: “பழைய எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணு, பாஸ்வேர்டே இல்லாம கெஸ்ட்டா போ.” தயவுசெஞ்சு செய்யாதீங்க. என்ன நோய்னே பார்க்காம ஸ்டீராய்டு ஊசி போடுற வேலை இது.

2017 மே மாசம் வானாக்ரை பிரிட்டன் அரசு மருத்துவமனைகளை முடக்குச்சே, அது பரவின ஓட்டை இதே எஸ்எம்பி1-லதான். ஆபரேஷன்கள் தள்ளிப்போச்சு, ஆம்புலன்ஸ்களைத் திருப்பி விட்டாங்க. இத்தனைக்கும் மார்ச்லயே மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்திருந்தது! அந்தக் கதவைத்தான் வியூஸுக்காகத் திறக்கச் சொல்றாங்க.

பெரும்பாலும் கோளாறு சின்னது. விண்டோஸ் திறக்கிற பின் நம்பர் நாஸுக்குச் செல்லாது. நாஸ்ல உருவாக்கின யூசர்நேம், பாஸ்வேர்டுதான் வேணும். பாஸ்வேர்டு மாத்தியிருந்தா க்ரெடென்ஷியல் மேனேஜர்ல பழசு ஒட்டிக்கிட்டிருக்கும், அதை அழிச்சுட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க.

24எச்2 அப்டேட்ல ப்ரோ பதிப்புக்கு கெஸ்ட் நுழைவை மூடிட்டாங்க. திட்டாதீங்க, நல்லதுதான். நாஸ் மென்பொருளை அப்டேட் பண்ணி எஸ்எம்பி3-ஐ தேர்ந்தெடுங்க. அதுக்கும் வழியில்லாத பழைய பெட்டின்னா, போட்டோவை எல்லாம் வேற டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு அதுக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்துடுங்க.