எர்ரரை அழித்தால் கோளாறு போகுமா?



வத்தல்மலையிலிருந்து ஒரு ஜெராக்ஸுக்காகத் தருமபுரிக்கு இறங்கினால் அன்றைய கூலி போச்சு. அதனால், மலையில் ஓர் அலுவலக மெஷின் அடிக்கடி "ஃபியூசர் எர்ரர்" காட்டி நிற்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

டோனர் பிளாஸ்டிக் கலந்த பொடி. அதை ஏறத்தாழ 180 டிகிரி சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைப்பது ஃபியூசர். குறித்த நேரத்தில் சூடு ஏறாவிட்டாலும், அளவுக்கு மீறி ஏறினாலும், ஆபத்து வராமலிருக்க மெஷின் தன்னையே பூட்டிக்கொள்ளும். காரணம் பார்க்காமல் ரீசெட் செய்து ஓட்டுவது, தெர்மாமீட்டரை உதறிவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்பது போல.

முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், ஹீட்டர் தரும் வெப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். தனியாக 15 ஆம்பியர் பிளக் கொடுங்கள். அதுவும் சரியாக இருந்தால், சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர், ஹீட்டர் விளக்கு, தெர்மோஸ்டாட் மூன்றையும் மெக்கானிக் சோதிக்கட்டும். பழுது பார்த்த பிறகுதான் ரீசெட்.

அலுவலகங்களில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, தனி லைனையும் முறையான சர்வீஸையும் மேலதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள். நகலுக்காகக் காத்து நிற்பவர் நம் ஊர்க்காரர்.