வதனிக்கு இப்ப இருபத்தெட்டு வயசு

பொழுதுபோக்குக்கு எழுதுற ஆக்கள் எல்லாரும் ஒரு கேள்வியைச் சந்திச்சிருப்பினம். "இதை எப்ப புத்தகமாப் போடப்போறாய்?" கேக்கிறவை நல்ல மனசோடதான் கேக்கினம். ஆனா அந்தக் கேள்விக்குள்ள ஒரு தீர்ப்பும் இருக்கு. எழுத்தெண்டா அச்சாக வேணும், அச்சாகாட்டி அது நேரத்தை வீணாக்கிற வேலை. அதிலயும் ஒரே கதாபாத்திரங்களை வருசக்கணக்கா எழுதிக்கொண்டிருக்கிறம் எண்டு தெரிஞ்சா, "இன்னும் அதை விடேல்லையோ?" எண்டு அடுத்த கேள்வி வரும். வளந்த பிறகும் விளையாட்டுச் சாமானை விடாத பிள்ளையைப் பாக்கிற மாதிரி ஒரு பார்வையும் கூடவே வரும்.

விடத் தேவையில்லை எண்டதுதான் என்ர கருத்து. ஒரு நிபந்தனை மட்டும் இருக்கு. வைச்சிருக்கிறதெண்டா அவையளை வளர விடோணும்.

விளையாட்டுச் சாமான் எண்டு சொன்ன உடன எனக்கு ஞாபகம் வாறது பிரான்டி குடும்பம். 1826இல் இங்கிலாந்தில ஹாவர்த் எண்ட ஊரில இருந்த ஒரு பாதிரியார் தன்ர மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரப் போர்வீரர் பொம்மை வாங்கிக்கொண்டு வந்தார். பிரான்வெல்லும் சகோதரிகள் ஷார்லட், எமிலி, ஆன் மூண்டு பேரும் ஆளுக்கொரு பொம்மையைத் தெரிஞ்செடுத்துப் பேர் வைச்சினம். அந்தப் பேர்களில இருந்து கதைகள் வந்தது, கதைகளில இருந்து நாடுகளே வந்தது. ஷார்லட்டும் பிரான்வெல்லும் அங்கிரியா எண்ட நாட்டை எழுதிச்சினம். எமிலியும் ஆனும் தங்களுக்கெண்டு கொண்டால் எண்டொரு நாட்டை வைச்சிருந்திச்சினம். கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு வாசிக்கவேண்டிய அளவு சின்ன எழுத்தில, உள்ளங்கைக்குள்ள அடங்கிற புத்தகங்களும் செய்திச்சினம்.

இருபது வயசு தாண்டின பிறகு, 1839 அளவில, ஷார்லட் அங்கிரியாவுக்கு விடை சொல்லி ஒரு குறிப்பு எழுதினா. பழகின முகங்களை விட்டிட்டுப் புது ஆக்களைக் கற்பனை செய்யப் பாத்தா, ஒரு முகமும் தெரியாத தூர தேசத்துக்கு வந்து நிக்கிற மாதிரி இருக்கு எண்டது அந்தக் குறிப்பின்ர சாரம். வகுப்பில பாதிப்பேரை பாரிசுக்கும் டொரோண்டோவுக்கும் அனுப்பிப்போட்டு இருக்கிற எங்களுக்கு அந்த உவமையை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எமிலி அப்பிடி விடை சொல்லேல்லை. 1845 ஆனி மாசக் கடைசியில அவவும் ஆனும் யோர்க் நகரத்துக்குப் பயணம் போகேக்க எமிலிக்கு 26 வயசு. வழி முழுக்கத் தாங்கள் ரெண்டு பேரும் கொண்டால் கதாபாத்திரங்களா நடிச்சுக்கொண்டு போனதை அவ நாட்குறிப்பில சந்தோசமா எழுதியிருக்கிறா. அதே நேரத்தில ஆன் எழுதின குறிப்பில கொண்டால் முந்தின மாதிரி இல்லை எண்ட சலிப்புத் தெரியுது. ஒரே உலகத்தைச் சேர்ந்து கட்டின ரெண்டு பேரில ஒராள் களைச்சுப் போறா, மற்றவ களைக்கேல்லை. எங்கட சிநேகிதங்களிலயும் இதுதானே நடக்குது.

ரெண்டு வருசத்துக்குப் பிறகு எமிலியின்ர 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல் வந்தது. பிறகு நாவல் வந்தபடியா அந்த விளையாட்டுச் சரிதான் எண்டு சிலர் சொல்லுவினம். எனக்கு அது உடன்பாடில்லை. நாவல் வராட்டியும் அந்தப் பயணத்தில ரெண்டு சகோதரிகள் சந்தோசமா இருந்திச்சினம். அது காணும்.

உழைப்புக்கு எழுதுறவைக்கு இந்தச் சுதந்திரம் குறைவு. கொனன் டொயில் 1893இல் ஷெர்லக் ஹோம்ஸைச் சாகடிச்சார். வாசகர்மார் விடேல்லை. 1903இல் ஹோம்ஸ் உயிரோட திரும்பி வந்தார். எங்களை அப்பிடி ஒருத்தரும் நெருக்கிறேல்லை. ஆனா அதிலதான் ஒரு ஆபத்தும் இருக்கு. கேள்வி கேக்க ஆளில்லாத இடத்தில எங்கட செல்லப்பிள்ளை செல்லப்பிள்ளையாவே இருந்திடும். நாங்கள் பதினாலு வயசில ஏங்கினதையெல்லாம் சுமந்துகொண்டு, வயசு போகாமல், பிழை விடாமல், ஆரிட்டையும் தோக்காமல் அது நிக்கும். இருபத்தைஞ்சு வயசில திறந்து பாத்தா அங்க ஆள் இருக்காது, எங்கட பழைய ஆசைதான் சட்டை போட்டுக்கொண்டு நிக்கும்.

என்ர வதனி 2014இல், நான் தரம் 9 படிக்கேக்க, கணக்குக் கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில வந்தவ. அப்ப அவளுக்குப் பதினேழு வயசு. தகப்பன்ர சைக்கிள் கடையில ஒட்டுப் போடுவாள், காத்தடிப்பாள், கடன் சொல்லிப்போட்டுப் போறவையைத் திருப்பிக் கூப்பிட்டுக் காசு வாங்குவாள். ரோட்டால போறவை திரும்பிப் பாத்தா முறைப்பாள். எனக்கு வராத துணிவெல்லாம் அவளுக்கு வந்தது. வாசிச்ச அக்கா "இது நீதானே?" எண்டு கேட்டா. எனக்கு இண்டைக்கும் ஒட்டுப் போடத் தெரியாது.

2022இல் பெற்றோல் வரிசை வந்தது. ஊரெல்லாம் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்திச்சு. ரயர், ரியூப் விலையெல்லாம் ஏறிச்சு. அந்த நேரம் வதனி என்ன செய்திருப்பாள் எண்டு யோசிச்சன். எல்லாருக்கும் இலவசமா ஒட்டுப் போட்டுக் குடுத்தாள் எண்டு எழுத எனக்குச் சரியான விருப்பம். எழுத வரேல்லை. எட்டு வருசமா அவளோட பழகினனான். தகப்பன்ர மருந்துச் செலவும் கடைக் கடனும் இருக்கிற அவள், பழைய விலைக்கு எடுத்து வைச்ச ரியூப்பைப் புது விலைக்குத்தான் வித்திருப்பாள். வித்துப்போட்டு, வாங்கின ரீச்சரின்ர முகத்தைப் பாக்காமல் மிச்சக் காசு குடுத்திருப்பாள். அப்பிடியே எழுதினன். எனக்கு அவளில கோவம் வந்தது. அதுக்குப் பிறகுதான் அவள் எனக்கு ஒரு ஆளாத் தெரிஞ்சாள்.

கனகாலப் பழக்கம் தாறது இதைத்தான். புதுசா உருவாக்கின பாத்திரத்தை நாங்கள் நினைச்ச பக்கம் திருப்பலாம். எட்டு, பத்து வருசம் வைச்சிருந்த ஆள் திரும்பாது. "நான் இதைச் செய்ய மாட்டன்" எண்டு நிக்கும். வயித்துப்பாட்டுக்காக விலை ஏத்தின ஒருத்தியை உள்ளுக்க இருந்து பாத்த பிறகு, நானும் கடைக்காரரை முந்தின மாதிரிச் சுகமாத் திட்டிறேல்லை. எழுத்தால எனக்குக் கிடைச்ச பெரிய லாபம் அது. அச்சாகிற புத்தகம் அதுக்குப் பிறகுதான்.

அதால, எழுதிக்கொண்டிருக்கிறவைக்கு ரெண்டு விசயம் சொல்லுவன். ஒண்டு, கொப்பியளை எறியாதேங்கோ. கொண்டால் பற்றி எமிலியும் ஆனும் எழுதின கவிதைகள்தான் மிஞ்சினது, உரைநடைக் கதைகள் ஒண்டும் கிடைக்கேல்லை. இடம்பெயர்வுகளில எதெதை விட்டிட்டு வந்தம் எண்டு வீட்டில கேட்டுப் பாத்தா, கடதாசி எவ்வளவு கெதியாக் காணாமல் போகும் எண்டு தெரியும். பக்கத்தில திகதி போட்டு வையுங்கோ, போனில ஒரு படமும் எடுத்து வையுங்கோ.

மற்றது, உங்கட ஆளுக்கு இப்ப எத்தினை வயசு எண்டு கணக்குப் பாருங்கோ. இன்னும் பதினேழிலதான் நிக்குதெண்டா, இந்த வருசம் ஒரு பிறந்தநாளாவது குடுங்கோ.