செக்ரோலில் பேர் இல்லாத காலை

எங்கள் லயத்து ஆச்சி தோட்ட வேலையில் கணக்கு முடித்து எட்டு மாதமாகிறது. இன்னும் காலை நாலரைக்கே எழுந்துவிடுகிறார். ரொட்டி தட்டுகிறார், சாயத்தைப் போத்தலில் ஊற்றுகிறார், படங்கை எடுத்து உதறி மடித்து வைக்கிறார். பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து, மற்றப் பெண்கள் பனிக்குள் மலையேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "பேரை வெட்டிட்டாங்க தம்பி. கால்தான் கேக்க மாட்டேங்குது" என்றார் ஒருநாள்.

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. ஒருநாள் வேலை ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பேர் பதிந்தவர், பதியாதவர் என்றுதான் ஆளையே பிரிப்பார்கள். முப்பது ஆண்டுகள் இப்படி எண்ணப்பட்ட ஒருவரின் பேரை, தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலிலிருந்து எடுத்துவிட்டு, இனி வாழ்க்கைக்கு ஒரு நோக்கத்தைத் தேடிக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால், அவர் எங்கே போய்த் தேடுவார்?

வேலை மாறும்போதும் முடியும்போதும் மனிதன் தன் உள்ளத்துக்குள் தேட வேண்டும் என்பதே இன்று கருத்தரங்குகளில் கிடைக்கும் அறிவுரை. மலையகத்தின் அனுபவம் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. பதவியும் வேலையும் போன பிறகு தலைநிமிர்ந்து நின்றவர்கள், கையிலும் நினைவிலும் இருந்ததைக் கூடவே எடுத்துச் சென்றவர்கள். அது கேட்கப்படவும் பயன்படவும் ஓர் இடம் கிடைத்தவர்கள். இதற்கான சான்று எங்கள் பூண்டுலோயாப் பக்கத்திலேயே இருக்கிறது.

பூண்டுலோயாவுக்கு அயலில், வட்டகொடைப் பக்கம், மடகொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. ஆசிரியராக இருந்தார். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் சென்றார். அன்று மலையகத்திலிருந்து சென்ற ஏழு பேரில் அவரும் ஒருவர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனம்கூட இல்லை. நாற்பது வயதாகுமுன்பே ஸி. வி. முன்னாள் உறுப்பினர் ஆகிவிட்டார். அவர் திரும்பி நிற்கத் தொகுதி என்று ஒன்று மிஞ்சவில்லை.

இதைவிடக் கொடிய தொழில் மாற்றம் ஒரு மனிதனுக்கு வேண்டுமா? அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். 1954இல் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதை ஆங்கிலத்தில் வெளிவந்தது. தேயிலைத் தூருக்கு அடியில் போன பாட்டன்மாரைப் பற்றிய அந்தக் கவிதையை, 1969இல் சக்தீ அ. பாலஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். ஸி. வி. தொழிற்சங்கத்தில் உழைத்தார். நாவலும் எழுதினார். 'வீடற்றவன்' என்ற அவருடைய நாவல், சங்கம் தொடங்கியதற்காக வேலையை இழந்து, அதோடு இருப்பிடத்தையும் இழக்கும் தொழிலாளியின் கதை. எங்கள் ஊரில் பற்றுச்சீட்டு என்றால் அதுதான்: வேலைக்கும் காம்பராவுக்கும் ஒரே தாளில் முடிவு.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொரு வேலை. தோட்டங்களில் மக்கள் வாயில் இருந்த பாடல்களை அவர் சேர்த்தார். கப்பலேறி வந்த கதை, கங்காணி கொடுமை, தாலாட்டு, ஒப்பாரி என எழுத்தறியாதவர்கள் பரம்பரையாகக் காத்த சொத்து அது. 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலாக வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் காலமானார். அந்த மக்களுக்காகச் சபையில் பேசும் உரிமை ஐந்தே ஆண்டுகளில் போய்விட்டது. அவர்கள் பாடுவதைக் கேட்கும் வேலை முதுமைவரை கூட வந்தது. அதைச் செய்ய வாக்காளர் இடாப்பு தேவைப்படவில்லை. காது தேவைப்பட்டது. அந்தக் காது மடகொம்பரையில் பிறந்தது.

இன்னொரு மாற்றத்தையும் நினைக்க வேண்டும். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்தது. பலரும் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கும் வறுமை இருந்தது, லயம் இருந்தது. ஆனாலும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு அதே கத்தி கிடைத்தது. தெரிந்த வேலை இருந்ததால் புது மண்ணில் காலூன்ற முடிந்தது. சமவெளியில் கடை வைக்கக் கடன் கொடுத்து இறக்கிவிடப்பட்ட குடும்பங்களின் பாடு வேறு. வாழ்நாளில் தராசு பிடித்து விற்காதவர் எப்படி ஒரே மாதத்தில் கடைக்காரர் ஆவார்? பணம் கரைந்தது. அந்தத் தோல்வியை அவர்களின் சோம்பல் என்று பேசியவர்கள் பெரிய அநியாயம் செய்தார்கள்.

ஆச்சியிடம் திரும்புகிறேன். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்கால ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 30 ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் 5,67,000 ரூபாய். அதோடு சேமலாப நிதி. மகள் கல்யாணக் கடன், கூரைத் தகரம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு - பணம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வு வயதை 60 ஆக்கியது. மழையிலும் அட்டைக்கடியிலும் அறுபது வரை மலை ஏறிய உடம்புக்கு அதன் பிறகு என்ன என்பதைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை.

நோக்கத்தைப் பற்றிப் பேசுமுன் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2018 ஆகஸ்டில் இங்கே டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு 404 தனிவீடுகள் கையளிக்கப்பட்டன. அந்த வீடுகளின் முற்றங்களில் வேலை முடித்தவர்கள் கீரைப் பாத்தி போட்டிருப்பதைப் பார்க்கிறேன். ஏழு பேர்ச் மண்தான். ஆயினும் காலையில் எழுந்து போய் நிற்க ஓர் இடம். லயத்து இஸ்தோப்பில் அது இல்லை.

இளையவர்களின் பாடும் இதோடு சேர்ந்ததுதான். உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்புக் கடைக்குப் பஸ் ஏறும் பையனுக்கு, தோட்டத்தை விட்டுப் போனால் போதும் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். போகட்டும், போகத்தான் வேண்டும். ஆனால் அவன் அம்மா ஒரு தூரைப் பார்த்த மாத்திரத்தில் கொழுந்து எது, வளர்ச்சி நின்ற வங்கி எது, எத்தனை நாளில் மறுபடி எடுக்கலாம் என்று சொல்வார். அந்த அறிவுக்குப் பெயர் வைக்காமல், வெட்கப்பட வைத்து அனுப்பினால், போன இடத்தில் அவன் வெறுங்கையோடுதான் நிற்பான். பத்தனைக் கல்வியியற் கல்லூரியில் படித்துத் தன் தோட்டத்துப் பாடசாலைக்கே திரும்பிவரும் ஆசிரியர்களிடம் நான் வேறொரு நிமிர்வைப் பார்க்கிறேன். எதைச் சுமந்து வந்தோம் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

அவர்களிடம்தான் ஒரு வேண்டுகோள். வரும் தவணையில் வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். கணக்கு முடித்தவர்களை வகுப்புக்கு அழையுங்கள். கவ்வாத்தும் நாற்றுத் தவறணையும் பாட்டும் பழைய சம்பளக் கணக்கும் பிள்ளைகள் அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதட்டும். எழுதியது பாடசாலை நூலகத்தில் இருக்கட்டும். எங்கள் லயத்து ஆச்சியிடம் கேட்டுவிட்டேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.