தலைவர் ‘நம்மள மாதிரி’ இருக்க வேண்டுமா?

"அவரு நம்மள மாதிரிங்க. பந்தாவே கிடையாது."

தேர்தல் வந்துவிட்டால் சங்ககிரி பக்கத்து டீக்கடை பெஞ்சுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஒரு வேட்பாளருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால் கொஞ்சம் மார்க். திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தால் இன்னும் கொஞ்சம். எழவு வீட்டுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் நூற்றுக்கு நூறு! சரி, போன ஐந்து வருஷத்தில் சட்டசபையில் அவர் எந்த விஷயத்துக்காக எழுந்து பேசினார் என்று கேட்டுப் பாருங்கள். பெஞ்சில் பெரும்பாலும் பதில் வராது.

தலைவர் சாதாரண மனிதராகத் தெரிய வேண்டும் என்ற ஆசை தப்பா? ஒரே வார்த்தையில் தப்பென்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஆசைக்கு நியாயமான ஒரு வரலாறு இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் ஓட்டு என்பது சொத்து உள்ளவர்களுக்கும், வரி கட்டியவர்களுக்கும், படித்தவர்களுக்கும்தான். அப்போது சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர்களாக இருந்தவர்களின் பட்டியலில் பனகல் ராஜா, பொப்பிலி ராஜா என்ற பெயர்களைப் பார்க்கலாம். 1951-52 பொதுத்தேர்தலில்தான் 21 வயதான எல்லோர் கையிலும் ஓட்டுச்சீட்டு வந்தது. கை கட்டி நின்றே பழகிய ஒருவர், தன்னைப் போன்ற ஒருவரை நாற்காலியில் பார்க்க ஆசைப்பட்டால் அதில் என்ன குற்றம்? இரண்டே வருஷத்தில், 1954இல், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் முதலமைச்சரானார். இன்றைக்கும் எளிமை என்றாலே தமிழ்நாட்டில் முதலில் சொல்லப்படுவது அவர் பெயர்தான்.

ஆனால் அவரைப் பற்றி நினைவில் இருப்பது எது? கதர் சட்டையும், "ஆகட்டும் பார்க்கலாம்" என்ற பேச்சும்தான். அவர் வேலை செய்த விதம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1954இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்து நின்று தோற்றவர் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், வக்கீலுக்குப் படித்தவர். தோற்றவரை ஓரங்கட்டாமல் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டு நிதியையும் கல்வியையும் அவர் பொறுப்பில் வைத்தார் காமராஜர். பொதுக்கல்வி இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலு இருந்தார். 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், கிராமங்களில் திறந்த பள்ளிக்கூடங்களும் இப்படித்தான் நடந்தன. பசி என்றால் என்னவென்று தெரிந்ததால் அந்த எண்ணம் வந்திருக்கலாம். அதை நடத்திக் காட்டியது, தகுதியான ஆட்களைத் தேடிப் பிடித்து வேலை வாங்கத் தெரிந்த திறமை. அந்தத் திறமை சாதாரணமானது அல்ல. கதர் சட்டை மட்டும் போதுமென்றால் அன்றைக்குக் கதர் போட்ட எல்லோருமே காமராஜர் ஆகியிருக்க வேண்டுமே!

அதே காமராஜர் 1967இல் விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். "எளிமையான மனிதரைத் தோற்கடித்த பாவிகள்" என்று இன்றுவரை மேடைகளில் திட்டுகிறார்கள். அந்த வருஷம் அரிசித் தட்டுப்பாடு இருந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபம் ஆறவில்லை. அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று வாதாடலாம். ஆனால் ஆளின் சட்டையைப் பார்க்காமல் அரிசியையும் மொழியையும் பார்த்து ஓட்டுப் போட்டதற்காக வாக்காளரைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

இனி, சங்ககிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணத்துக்கு வரலாம்.

எடப்பாடி கே. பழனிசாமி, சிலுவம்பாளையத்து விவசாயக் குடும்பத்துக்காரர். 2017 பிப்ரவரி 16 அன்று முதலமைச்சரானார். "நானும் ஒரு விவசாயி" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன அறிமுகம். 2020இல் சேற்றில் இறங்கி நாற்று நட்ட படங்களும் வந்தன. இது வேஷம் என்று சிலர் கிண்டல் செய்தார்கள். அது வீண் கிண்டல். அவர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்பது உண்மைதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: விவசாயி முதலமைச்சரானால் என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

அவர் ஆட்சிக் கணக்கையே எடுத்துப் பாருங்கள். 2017இல் ஏரி குளங்களைத் தூர்வார குடிமராமத்துத் திட்டம். 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம். 2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிகளில் இருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி. விவசாயி ஆட்சி என்று சொல்லலாம்.

அதே ஆட்சியில்தான் 2018இல் சென்னை-சேலம் எட்டு வழிச்சாலைக்கு நிலம் அளக்க வந்தார்கள். ஐந்து மாவட்டங்களில் 277 கிலோமீட்டர். காட்டில் கல் நட்டதைப் பார்த்து அழுது புரண்ட சனங்களில் அவருடைய சொந்த சேலம் மாவட்டத்து விவசாயிகளும் உண்டு. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் பெரும்பகுதியை மாற்றியது. இடையில், 2020 செப்டம்பரில், மத்திய அரசின் வேளாண் சட்டங்களை அவர் ஆதரித்துப் பேசினார். ஒரு வருஷத்துக்கும் மேல் நடந்த விவசாயிகள் போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

சாலை தேவை என்று ஒருவர் வாதாடலாம். கூடாது என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டு பக்கமும் நியாயங்கள் உண்டு. ஆனால் ‘விவசாயி’ என்ற அந்த ஒரு வார்த்தை, எந்தப் பக்கம் அவர் நிற்பார் என்பதைக் கடைசிவரை காட்டவில்லை. தள்ளுபடி செய்ததும் அதே கை. நிலம் எடுக்கக் கையெழுத்திட்டதும் அதே ஆட்சி. ஆளின் பிறப்பை வைத்து ஓட்டுப் போட்டவருக்கு இதில் எதைப் பாராட்டுவது, எதைக் கேள்வி கேட்பது என்றே தெரியாமல் போகிறது.

2021 தேர்தல் முடிவு இன்னும் சுவாரஸ்யம். எடப்பாடி தொகுதியில் அவருக்கு 93,802 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அவருடைய கூட்டணிக்கு. வேளாண் மண்டலச் சட்டத்தால் நேரடியாகப் பயன்பெற வேண்டிய தஞ்சாவூர் மாவட்டத்திலோ 8 தொகுதிகளில் ஒன்றே ஒன்று! காரணங்கள் பல இருக்கலாம். ஆனாலும் ஒரு சந்தேகம் வராமல் இல்லை. ‘நம்மள மாதிரி விவசாயி’ என்பதில் ஓட்டு வாங்கித் தருவது ‘விவசாயி’யா, ‘நம்ம’வா?

இங்கேதான் யாரும் பேசப் பிடிக்காத விஷயம் வருகிறது. கொங்குப் பக்கம் ‘நம்மாளு’ என்ற வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அது எந்த அர்த்தம் என்று சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கிணறும் தோட்டமும் உள்ள ஒருவர், அதேபோல் கிணறும் தோட்டமும் உள்ளவருக்குத்தான் சாதாரண மனிதர். அந்தத் தோட்டத்தில் கூலிக்குக் களை வெட்டும் பெண்ணுக்கு அவர் முதலாளி. விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் ஓட்டுபவருக்கும், லாரியில் கிளீனராகப் போகும் காலனிப் பையனுக்கும் ‘நம்மள மாதிரி’ ஆள் ஒருவர் முதலமைச்சர் நாற்காலிவரை வர எத்தனை தேர்தல் ஆகும்? ‘நம்மைப் போன்றவர்’ என்பதை அளவுகோலாக வைத்தால், ஓட்டு அதிகம் உள்ளவரின் சாதாரணம்தான் எப்போதும் ஜெயிக்கும். மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு பக்கம், எளிமையாகத் தெரிவது ரொம்பச் சுலபம். அமெரிக்காவில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஜெயித்த தேர்தல்களில் "யாரோடு உட்கார்ந்து பீர் குடிக்கப் பிடிக்கும்?" என்ற கேள்வி பிரபலம். புஷ் என்று பதில் சொன்னவர்கள் ஏராளம். இத்தனைக்கும் அவர் முன்னாள் ஜனாதிபதியின் மகன், ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்தவர், 1986லேயே குடியை விட்டவர்! தமிழ்நாட்டில் ஜெயலலிதா 1991இல் முதலமைச்சரானபோது மாதம் ஒரு ரூபாய்தான் சம்பளம் வாங்கினார். அதே 1991-96 காலத்தில் 66 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து சேர்த்ததாகத்தான் வழக்கு. 2014இல் தண்டனை, 2015இல் விடுதலை. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பையே மறுபடி நிலைநாட்டியது. அதற்குள் ஜெயலலிதா மறைந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு மட்டும் அற்றுப்போனது. சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்த யாருக்கும் அந்த ஒரு ரூபாய்தான் தெரிந்திருக்கும்.

பி.காம். படிப்பவர்களுக்கு வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவருக்காக வேலை செய்யும் ஏஜென்ட்டின் கடமைகளைச் சொல்லும் பிரிவுகள் வரும். 211: சொன்னபடி நடக்க வேண்டும். 212: அந்தத் தொழிலுக்குத் தேவையான திறமையும் அக்கறையும் காட்ட வேண்டும். 213: கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும். ஏஜென்ட் முதலாளியைப் போலவே உடுத்த வேண்டும், முதலாளி வீட்டு மோரைக் குடிக்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

சட்டப் புத்தகம் வேண்டாம் என்றால் சங்ககிரி லாரி ஆபீஸில் கேட்டாலே போதும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி எடுத்த வண்டியை, நன்றாகப் பழகுகிறார் என்பதற்காக மட்டும் யாரும் ஒருவர் கையில் கொடுப்பதில்லை. ஹெவி லைசென்ஸ் இருக்கிறதா, இதற்கு முன் யாரிடம் ஓட்டினார், விபத்து உண்டா என்று விசாரிப்பார்கள். லோடு இறக்கிவிட்டு வந்தால் டீசல், டோல், பேட்டா என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. டிரைவர் சொந்த ஊர்க்காரராக இருந்தால் சந்தோஷம்தான். அதற்காக டிரிப் கணக்கைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். பல லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் போடும் அரசாங்கத்துக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் இந்தக் கறார் எங்கே போகிறது?

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் படித்தவனும் பணக்காரனும்தான் ஆள வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. ஆள்வதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. ஏழ்மையை அனுபவித்தவருக்கு மற்றவருக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரியும்; அது அவருக்குப் பலம். ஆனால் அது ஆரம்ப முதலீடு மாதிரி. லாபமா நஷ்டமா என்பது வருஷக் கடைசியில்தான் தெரியும். அதைப் பார்க்கும் வேலை வாக்காளருடையது.

பார்ப்பதற்கு வழியும் இருக்கிறது. 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், கிரிமினல் வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தேர்தல் கமிஷன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஒரே ஆளின் இரண்டு தேர்தல் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே ஒரு ஒப்பீட்டு இருப்புநிலைக் குறிப்பு. சுற்றுப்பட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அங்கே வரவு செலவு வாசிக்கிறார்கள். வாசிக்கும்போது கேட்க ஆள் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வேட்பாளர் அடுத்த முறை திண்ணையில் வந்து உட்கார்ந்தால் மோர் கொடுங்கள். அது இந்த ஊர் மரியாதை. அவர் குடித்து முடித்ததும், போன ஐந்து வருஷக் கணக்கையும் கேளுங்கள். கோபப்படாமல் உட்கார்ந்து பதில் சொல்கிறாரா, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து போகிறாரா என்று பாருங்கள். அவர் யாருடைய ஆள் என்பது அதில் தெரிந்துவிடும்.